சுடுகல் குழி

“ஆழம் போதும்ங்க ஆமையாரே! எத்தனை வருஷத்துக்குப் போதும்னுதான் எனக்கு விளங்கல!”

குழிக்குள்ள இருந்து தலைய நீட்டி அழுங்கு பதில் சொல்லிச்சு. அழுங்குன்னா, உடம்பெல்லாம் செதில் போர்த்தின எறும்புத்தின்னி. அந்தக் காட்டுல அது மாதிரி தோண்ட ஆளே கிடையாது. இந்த ஒரு குழிக்கே மூணு மழைக்காலம் தோண்டியிருக்கு.

எதுக்குக் குழி? மலைக்குகையில மந்திக் கூட்டம், தீ இல்லாமலே தானா சுடற சுடுகல்லு வெச்சுக் குளிர்காயும். அந்தக் கல்லு வந்ததுல இருந்து பனி மாசத்துல ஒரு குட்டிகூட சாகல. அது வரைக்கும் நல்லதுதான். ஆனா சூடு குறைஞ்ச பழைய கல்லு இருக்கே, அது பக்கத்துல படுத்தா முடி கொட்டும். அப்புறம் உசுரு போகும். நாலு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு முயலு அப்படித்தான் போச்சு. அதான், பழைய கல்ல எல்லாம் ஆழமா புதைச்சிடறதுன்னு காடே கூடி முடிவு பண்ணிச்சு.

மந்தித் தலைவர் குழி ஓரத்துல உக்காந்து பேன் பார்த்துக்கிட்டிருந்தார்.

“கீழ பாறை, நடுவுல களிமண்ணு, மேல சரளை. தண்ணி இறங்காது, கல்லு ஏறாது. பத்தாயிரம் வருஷத்துக்குக் கவலையே இல்ல!”

“பத்தாயிரம்னா எவ்வளவு தலைவரே?” அழுங்குக்கு நகத்த வெச்சு இருபது வரைக்கும்தான் எண்ண வரும்.

“நம்ம ஆமையார் மாதிரி நூறு பேரு, ஒருத்தர் போனப்புறம் ஒருத்தர்னு வாழணும்!”

“நான் ஒருத்தனே போன வாரம் எங்க தூங்கினேன்னு மறந்துட்டேன்”னு சொல்லிச்சு ஆமை.

அழுங்குக்குத் தலை சுத்திச்சு. “அப்ப, இங்க தோண்டாதீங்கன்னு அத்தனை வருஷமும் யாரு சொல்லுவா?”

“அடையாளம் வெச்சா போச்சு! புனுகுப்பூனைய வாசனை தடவச் சொல்லு!”

“அது மூணு நாள்ல போயிடுமே!”

“முள்ளம்பன்றி முள்ள நட்டு வை!”

“அதப் பார்த்தா, உள்ள என்னமோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தோணுமே! நானே தோண்டுவேன்!”

“அப்ப அடையாளமே வேணாம்!”

“தெரியாம தோண்டிட்டா?”

மந்தி பேன் பார்க்கறத நிறுத்தினார். “சும்மா குழப்பாத! இவ்வளவு ஆழம் இந்தக் காட்டுல யாரால தோண்ட முடியும்?”

“எங்க இனத்தாலதான்.”

“நீ தோண்டுவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் என்ன!”

குழியச் சுத்தி வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த எல்லாரும் கை தட்டினாங்க. அழுங்கும் தட்டிச்சு. ஆனா எதுக்குத் தட்டினோம்னு அதுக்குப் புரியல.

கல்ல இறக்கி, குழிய மூடியாச்சு. நாலு மாசம் கழிச்சு, மந்தியும் அழுங்கும் அந்த இடத்தப் பார்க்கப் போனாங்க. மண்ணு லேசா கதகதன்னு இருந்துச்சு. அதுக்கு மேல ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புத்து! காட்டுலயே இவ்வளவு பெருசா வேற புத்து கிடையாது.

அழுங்குக்கு நாக்குல எச்சில் ஊறிச்சு. அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு.

“தலைவரே! கதகதப்புக்குக் கரையான் வந்திருக்கு. கரையானுக்கு யாரு வருவா?”

“யாரு?”

“நாங்கதான்!”

மந்தி தலையச் சொறிஞ்சார். “புத்த இடிச்சுத் தள்ளு!”

“மறுபடியும் கட்டுமே!”

“மறுபடியும் இடி!”

“பத்தாயிரம் வருஷமும் நானேவா?”

மந்தி பதில் யோசிக்கறதுக்குள்ள, புத்துக்குப் பின்பக்கத்துல இருந்து அழுங்கோட பொஞ்சாதி குரல் கேட்டுச்சு.

“ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்! நம்ம சின்னவ எவ்வளவு அழகா தோண்டுறா பாருங்க! கால்வாசி உடம்பு உள்ள போயிடுச்சு!”

அழுங்கு பேச்ச அப்படியே விட்டுட்டு, விழுந்தடிச்சு ஓடிச்சு.

ஆபத்த எவ்வளவு ஆழத்துல புதைச்சோம்னு அளந்தா மட்டும் போதாது, நாளைக்கு அங்க தோண்ட வரவங்க எதத் தேடி வருவாங்கன்னும் இன்னைக்கே யோசிக்கணும்.