ஈச்சம்புதர் முயல்

செல்பேசிக் கோபுரம் வந்து சேர்ந்த ஒரு காட்டில், விலங்குகள் பல கூடி அரட்டைக் குழு ஒன்றைத் தொடங்கின. அங்கே யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. உள்ளே நுழைய ஒரு பெயர் வைத்துக்கொண்டால் போதும்.

ஆமை 'மழைப்பிரியன்' என்று வைத்துக்கொண்டது. நரி 'புல்தின்னி' என்று வைத்துக்கொண்டது. அதன் புத்தி வேறு எங்கே போகும்?

முயல் அப்போதுதான் புது வளை தோண்டிக் குடியேறியிருந்தது. பெருமை தாங்கவில்லை. 'ஓடைக்கரை ஈச்சம்புதர் முயல்' என்று வைத்துக்கொண்டது.

"இது பெயரா, விலாசமா? பச்சைக் குட்டிகள் இருக்கிற வீடு," என்றது அதன் நண்பன் ஆமை.

"உனக்குப் பொறாமை. என் வளையைப் போல இந்தக் காட்டில் வேறு உண்டா? நாலு பேருக்குத் தெரியட்டுமே," என்றது முயல்.

மறுநாள் மாலை முயல் மேய்ந்துவிட்டு வந்தபோது, வளை வாசலில் மண் கிளறிக் கிடந்தது. குட்டிகள் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின.

"அம்மா, 'நான்தான் புல்தின்னி மாமா' என்று ஒருவர் வந்தார். 'ஈச்சம்புதர் வீடு இதுதானே' என்று கேட்டுக்கொண்டே கையை விட்டார். நரியின் நகம் அம்மா. எங்களை எட்டவில்லை. நாளைக்கு வந்து நன்றாகத் தோண்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்."

முயல் அப்போதே குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆமையிடம் ஓடியது.

"நீ சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும்," என்று அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என் பெயரைப் படித்துத்தானே வந்தான்? இன்னொன்றையும் படிக்கட்டும்."

பெயரைக் 'கரும்பாறைக் குகை முயல்' என்று மாற்றியது. "வீடு மாறிவிட்டோம். குட்டிகளும் நானும் நலம்," என்று குழுவில் எழுதியது.

படித்ததும் நரி கரும்பாறைக்கு ஓடியது. அந்தக் குகையில் இருந்தது சிறுத்தை. அதற்கு அரட்டையில் நாட்டம் இல்லை. குழுவில் சேரவும் இல்லை.

"முயலக்கா வீடு இதுதானே?" என்று நரி இனிக்க இனிக்கக் கேட்டது.

"இதுதான். உள்ளே வா," என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதன்பிறகு புல்தின்னி குழுவில் எதுவும் எழுதவில்லை.

ஆனாலும் முயலால் ஈச்சம்புதருக்குத் திரும்பிப் போக முடியவில்லை. பழைய பெயரை எல்லோரும்தான் படித்திருந்தார்கள். அதில் ஓநாய் உண்டோ, காட்டுப்பூனை உண்டோ, யார் கண்டது? ஆசை ஆசையாகத் தோண்டிய வளையை விட்டுவந்த துக்கம் அதற்கு நெடுநாள் ஆறவில்லை.

இப்போது அதன் பெயர் 'வெள்ளரிப்பிஞ்சு'. குழுவில் புதிதாகச் சேர்ந்த யாரோ, "அக்கா, உங்கள் வீடு எங்கே?" என்று விசாரித்தார்கள்.

"இந்தக் காட்டில்தான்," என்றது முயல்.

நீதி: முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்தில், உன்னைக் கூப்பிட ஒரு பெயர் போதும், அதில் உன் வீட்டுக்கு வழி சொல்லாதே.