முட்டை மிதந்த பதம்

பூங்காவனத்துக்குத் தம்பிமார் மூணு பேர்: வெள்ளையன், காத்தமுத்து, சின்னாண்டி. மூளை இல்லாதவங்கன்னு சொன்னா பாவம். இருக்கு, யாரும் அதைத் தொந்தரவு பண்ணினதில்லை, அவ்வளவுதான்.

அவ மக செவந்தி மாசமா இருந்தா. எதைத் தின்னாலும் வாந்தி. அம்மா போடுற மாவடு இருந்தாத்தான் கஞ்சி இறங்கும்னு சொல்லி விட்டிருந்தா. பூங்காவனம் ஜாடியில வடுவைக் கழுவிப் போட்ட நேரம் பார்த்து, "மகளுக்கு முடியலை, உடனே வா"ன்னு ஆள் வந்துட்டான்.

ஓட்டமா ஓடிக்கிட்டே சொன்னா: "அண்டாவுல உப்புத்தண்ணி கலக்கி முட்டையைப் போடுங்கடா. மூழ்கினா உப்பு பத்தலை, இன்னும் போடுங்க. மிதந்தா பதம் சரி, வடு மேல ஊத்துங்க. ரொம்பத் தூக்கிக்கிட்டு நின்னா கரிக்கும், உப்பைக் குறைங்க. தரையில ஒரு சொட்டு சிந்துச்சு, தோலை உரிச்சுடுவேன்!"

அள்ளி அள்ளிப் போட்டாங்க. முட்டை தலையைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு.

"குறைக்கணுமே, எப்படிண்ணே?" என்றான் சின்னாண்டி.

வெள்ளையன் கண்ணை மூடி யோசிச்சான். "பாதித் தண்ணியை எடுத்துட்டா பாதி உப்பு போயிடும்லடா."

"தரையில ஊத்தக் கூடாதே?"

"வடு ஜாடியில கொட்டி வை. அக்கா வந்து கழுவிக்கிடட்டும்."

பாதியை எடுத்தாங்க. முட்டை இறங்கலை. மீதியில பாதியை எடுத்தாங்க. அப்பவும் அதே திமிரு. "என்னடா இது, உப்பு நம்மகிட்ட விளையாடுது!" என்று காத்தமுத்து கோபமா மொண்டு மொண்டு ஊத்தினான்.

கடைசியில அண்டாவுல ஒரு கை தண்ணி. முட்டை அடியில உட்கார்ந்துருச்சு.

"ஐயோ, மூழ்கிடுச்சு! உப்பு பத்தலை!"

உப்பு மூட்டையையே கவிழ்த்தாங்க. முட்டை புதையாம சின்னாண்டி அதை எடுத்து எடுத்து மேலே வச்சான். அண்டா நிறைய உப்பு, உச்சியில முட்டை.

"மிதந்துடுச்சுண்ணே!" காத்தமுத்துவுக்குக் கண் கலங்கிருச்சு.

அண்டாவைச் சாய்ச்சா ஒரு சொட்டு வரலை. பதம் இன்னும் கனியலைன்னு மூணு பேரும் காவல் உட்கார்ந்தாங்க.

சில வாரம் கழிச்சு பூங்காவனம் மகளோட வந்தா. அண்டாவைப் பார்த்ததும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "அடப் பாவிகளா! பிள்ளைத்தாச்சி வாயில மண்ணைப் போட்டுட்டீங்களேடா!"

அதுக்குள்ள செவந்தி ஜாடியில கைவிட்டு ஒரு வடுவை எடுத்து, நறுக்குன்னு கடிச்சா. இன்னொண்ணு. "அம்மா, உப்புத் தூக்கலா இப்படி நீகூடப் போட்டதில்லை! கஞ்சி இருக்கா?"

பூங்காவனம் சந்தோஷத்துல அழுதே விட்டா.

வெள்ளையன் பதறி ஓடிவந்து ஜாடியைப் பிடுங்கினான். "துப்பும்மா, துப்பு! அது வேண்டாம்னு கொட்டின தண்ணி!"

சின்னாண்டி உப்பு உச்சியிலிருந்து முட்டையைப் பக்குவமா எடுத்து அவ கையில வச்சான்.

"இதைச் சாப்பிடு தாயி. உங்கம்மா சொன்ன பதத்துல இருக்கிறது இது ஒண்ணுதான்."