பாலுக்குக் காவல் போட்ட பாஸ்வேர்டு

மந்தைக்காடு பால் சங்கத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரில் மூளை யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் நாச்சிமுத்துவுக்கு அடிக்கடி சந்தேகம் வரும். தன்மேல் மட்டும் வராது.

அன்று முற்றம் நிறையப் பால் கேன்கள். கம்ப்யூட்டரில் சொன்னால்தான் டேங்கர் வரும். பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் பால் திரிந்துவிடும். ஊர்க்காரர்கள் அதை நாச்சிமுத்துவின் தலையில்தான் கவிழ்ப்பார்கள்.

தலைமை அலுவலகப் பெண் போனில் சொன்னாள்: "இனிமே பிரவுசர்ல ப்ராக்ஸி போடணும் சார். உங்களுக்குப் பதிலா இணையத்துக்குப் போய்ட்டு வர்ற இடையாள் மாதிரி அது. பேரும் பாஸ்வேர்டும் சொன்னாத்தான் விடும். பேரு மந்தை, பாஸ்வேர்டு பால். யாருக்கும் சொல்லிடாதீங்க."

அவள் சொன்ன எண்களை செட்டிங்கில் போட்டார்கள். திரையில் ஒரு கட்டம் எழும்பி, பேரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"சொல்லிறலாமுங்களா?" என்றான் வாட்ச்மேன் காரியப்பன்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்களேப்பா!" என்றார் பால் சோதிக்கும் பொங்கியண்ணன்.

"இது மெஷினுதானுங்க."

"மெஷினு பேரு கேக்குமா? நம்மள ஆழம் பாக்குது."

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்துவிட்டு மறுபடி போன் போட்டார். "யாரும் பாக்காம அடிங்க சார்!" என்றாள் அவள்.

மற்ற இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். "நீங்களும் பாக்கக் கூடாதுங்க" என்று காரியப்பன் நினைவூட்டவே, நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். தவறு என்றது கட்டம். கண்ணைத் திறந்து அடித்தார். எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன.

"பாலப் போட்டா மிளகு வருதுங்க!" என்று எட்டிப் பார்த்த பொங்கியண்ணன் பதறிக் கையை ஊன்றியதில் என்டர் அமுங்கி, பக்கம் திறந்துகொண்டது. எப்படியோ டேங்கருக்குச் சொல்லியாயிற்று.

வெயில் தாழ டேங்கர் வந்தது. காரியப்பன் கேட்டைத் திறக்கவில்லை.

"பேரும் பாஸ்வேர்டும் சொன்னாத்தான் விடோணும். இன்னிக்குத்தான் கத்துக்கிட்டோம்."

"பேரு ரத்தினசபாபதி. பாஸ்வேர்டா? யோவ், எனக்கு வேண்டியது பால்! பால்!" என்று கத்தினார் டிரைவர்.

மூவரும் கேட்டைவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"யாருக்கும் தெரியாதது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் நாச்சிமுத்து. "திருட்டுப்பய! நல்லவேளை, பால் தப்பிச்சுது."

கல்லெறிந்து டேங்கரை விரட்டினார்கள். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் தட்டினார்கள்.

"இனி நமக்கே தெரியாதுங்க. திருடனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பொங்கியண்ணன்.

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முற்றத்திலிருந்து லேசாகப் புளிப்பு வாசம் வந்தது.

"சரி, சுருக்கா வேற டேங்கரக் கூப்பிடலாம்" என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

கட்டம் எழும்பியது.