கயாவில் விட்ட பழம்

"விட்டுட்டு வந்துட்டேன் அம்மா. இனியாவது தீட்சை கொடுப்பீங்களா?"

கயாவிலிருந்து பினாங்குக்குத் திரும்பிய வைத்தீஸ்வரன், வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு மடத்தில் வந்து நின்றார்.

வயது அறுபத்திரண்டு. மாயவரத்துக்காரர். மகனோடு இருக்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமும் இதே கேள்விதான்.

மடத்து அம்மா தவமணிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் மகள். 'ஒன்றை விட்டுவிட்டு வாருங்கள்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

"எதை விட்டீங்க ஐயா?"

"அப்பாவுக்குப் பிண்டம் வெச்சு, ஆலமரத்தடியிலே பிடிச்ச பழம் ஒண்ணை இனித் தொடமாட்டேன்னு விடணுமே. டுரியானை விட்டேன்."

"மாம்பழத்தை விடலையா?"

"மாம்பழத்தையா! எங்க தெருவிலே கயாவுக்குப் போனவங்க பாதிப் பேர் பேரிக்காயைத்தான் விட்டாங்க. நானாவது இந்த ஊர்ப் பழங்களுக்கெல்லாம் ராஜாவையே விட்டிருக்கேன்."

"ராஜாவைத் தின்னு பார்த்திருக்கீங்களா?"

"சிவசிவா! மகன் வாங்கிட்டு வந்தாலே அந்த நாத்தத்துக்கு நான் மாடிக்கு ஓடிடுவேன்."

அம்மா கொல்லைக்குப் போனார். காலையில் மரத்திலிருந்து விழுந்த பழத்தைச் சாக்கில் ஏந்தி வந்தார். கத்தியால் பிளந்து, மூன்று சுளைகளைத் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க."

"விட்ட பழம் அம்மா. அப்பா சாட்சியா விட்டது."

"தெரியும். சாப்பிடுங்க."

இன்று தீட்சை வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுளையை வாயில் போட்டார்.

மென்ற வாய் நின்றது. மூக்கைப் பிடித்த கை தானாக இறங்கியது.

வெண்ணெய் மாதிரி கரைந்தது. தித்திப்பு. அதற்கு அடியில் இத்தனூண்டு கசப்பு.

இரண்டாவது சுளை எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"அடடா! மூணு வருஷமா மாடியிலே போய் உட்கார்ந்திருந்தேனே!"

சொன்னவர் முகம் சட்டென்று சுண்டிப்போயிற்று. கொட்டையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கே ஐயா?"

"கயாவுக்கு."

"வந்த கால் வலி இன்னும் ஆறலையே."

"ஆறாட்டிப் போகுது. தின்னே பார்க்காததை விட்டதாச் சொல்லிப் பெத்த அப்பாவை ஏமாத்திட்டு வந்திருக்கேன்."

அம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் ஒரு சுளை மிச்சம் இருந்தது.

வைத்தீஸ்வரன் அதைப் பார்த்தார். நாக்கில் எச்சில் ஊறியது. விழுங்கினார். மறுபடியும் ஊறியது.

பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். தட்டை இரண்டு கையாலும் மெல்ல அம்மாவிடமே தள்ளினார்.

அம்மா எழுந்து உள்ளே போய்த் தீட்சைக்குத் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்தார்.