டம்ளரில் வெட்டிய இனிஷியல்

புது மருமகள் குயிலி முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் வைரவன், ஊர்ச் சங்கத் தலைவர், நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்தபடியே அதட்டினார்.

"ஏம்மா, மகளிர் குழுவுல இன்னும் மா. குயிலின்னுதான் கையெழுத்துப் போடுறியாமே? உங்கப்பன் மாசிலாமணி இனிஷியல் இனிமே இந்த வீட்டுல ஒரு இடத்துலயும் இருக்கக் கூடாது. புருஷன் இனிஷியலைப் போடு!"

"அவ பேரு அவளுக்கு இருக்கட்டும்ப்பா. நான் கேக்கவே இல்லையே," என்றான் அவள் கணவன் செல்வம்.

"நீ சும்மா இருடா!"

குயிலி தலை நிமிரவில்லை. "சரிங்க மாமா," என்றாள். கழுவிய குடத்தைக் கொண்டுபோய்த் தெருவாசலில் வைத்தாள். பின்னாலேயே அண்டா போனது, தவலை போனது, இட்லிப் பானையும் போனது.

"என்ன கூத்து இது?"

"எல்லாம் எங்கப்பா கொடுத்த சீர் மாமா. எல்லாத்துலயும் மா. குயிலின்னு பேர் வெட்டியிருக்கு. ஒரு இடத்துலயும் இருக்கக் கூடாதுன்னுட்டீங்க. அப்பாவை வண்டியோட வரச் சொல்லிடுறேன். நீங்க குடிச்சு முடிச்சதும் அந்த டம்ளரையும் கொடுத்துடுங்க."

வைரவன் டம்ளரைத் திருப்பினார். கட்டைவிரலுக்கடியில் 'மா. குயிலி' பளபளத்தது.

"நாளைக்கு எதுல பொங்குறதாம்?" என்று அடுப்படியிலிருந்து மாமியார் கத்தினாள். செல்வம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பாத்திரம் உள்ளே வரட்டும்," என்று முனகினார் வைரவன்.

"அப்போ என் பேரு மாமா?"

"அதுவும்... இருந்துட்டுப் போகட்டும்."

குயிலி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அப்படியே மாமா, நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் என் பேர்ல இருந்து ஒரு எழுத்தை..."

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்: "அடியே மா. குயிலி! பால் பொங்குது, ஓடி வா!"