எஞ்சினுக்குள் வந்த அரிசி

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை முதலாளி ஆதிமூலத்தின் காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு எரிந்தாலும் எரிந்தது, டிரைவர் சவரியப்பனின் வேலைக்கே ஆபத்து வந்தது.

"எத்தனால் பெட்ரோலை எவன்டா போடச் சொன்னான்? இன்னையோட உன் சீட்டைக் கிழிக்கிறேன்!" என்று கத்திய முதலாளி, வண்டியை நேரே பெட்ரோல் பங்குக்கு விடச் சொன்னார்.

அங்கே பெட்ரோல் போடும் பூங்காவனத்தையும் அவர் விடவில்லை. "அரிசியில வடிச்ச சாராயத்தைக் கலந்து என் எஞ்சினைக் கெடுத்துட்டே. இப்பவே விளக்கை அணை. இல்லேன்னா உனக்கும் வேலை கிடையாது!"

பூங்காவனம் பதறவில்லை. பானெட் இடுக்கில் ஒட்டியிருந்த உமியை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"அதே பம்புல காலையிலேர்ந்து நூறு வண்டிக்குப் போட்டேன், ஒண்ணும் திரும்பி வரலை. ஆனா அரிசியாலதான் கெட்டுதுன்னு நீங்க சொல்றது நிஜந்தாங்க ஐயா. பானெட்டைத் திறக்கச் சொல்லுங்க."

சவரியப்பன் திறந்தான். உள்ளே கிழிந்த சாக்கில் மெத்தை, இரண்டு கைப்பிடி குருணை, பக்கத்திலேயே கடித்துப் போட்ட ஒயர். குடியிருந்த எலி முதலாளியின் வெள்ளை வேட்டி மேல் தாவி ஓடியது.

"சாராயம் ஆகாத அரிசிங்க. உங்க ஆலையிலேர்ந்து நேரா வந்திருக்கு" என்றாள் பூங்காவனம்.

ஒயரை மாற்றியதும் விளக்கு அணைந்தது. சவரியப்பன் வேலையும் பிழைத்தது. மறுநாள் அவன் பங்குக்கு வந்து ஒரு மூட்டைப் பொன்னி அரிசியை இறக்கிவைத்துக் கும்பிட்டான். "முதலாளி கொடுத்தனுப்பினார். என் வீட்டுல அடுப்பு எரியறது உன்னாலதான், தங்கச்சி."

கண்ணைத் துடைத்துக்கொண்ட பூங்காவனம், மூட்டையை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள்.

"உள்ளே ஆள் யாரும் இல்லையே, அண்ணே?"