பிலோமினா ஏறப்போகும் சைக்கிள்

குரு பூங்கோதைக்கு வயது முப்பத்தாறு. சீடர் சவரிநாதனுக்கு ஐம்பத்தைந்து. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் மடக்குச் சைக்கிள் செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் எல்லோரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

பூங்கோதையின் வேலை சைக்கிளை உடைப்பது. அவருடைய சோதனை அறையில் ஓர் இயந்திரம் இருந்தது. இரண்டு இரும்புக் கால்கள் பெடல்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். ஏறி உட்கார்ந்தால் இறங்குகிற வழக்கமே இல்லை என்பதால் ஆட்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையிடம் பிழைத்தால்தான் எந்த ஃபிரேமும் கடைக்குப் போகும்.

சவரிநாதன் அதுவரை ஒரு பம்புசெட் கம்பெனியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். அதை மூடிவிட்டதால் இங்கே வந்தார். வந்த வாரமே பூங்கோதையின் மேசை முன்னால் போய் நின்றார்.

“எனக்குக் கத்துக் குடுங்க மேடம்.”

“இத்தனை வருச சர்வீசு உங்களுக்கு. நான் என்னங்ணா கத்துக் குடுக்கறது?”

“பம்பு நிக்கற எடத்துலயே நிக்கும். இது ஆளைச் சொமந்துட்டு ஓடுதுங்க. எனக்குப் பயமா இருக்குது.”

“பயம் இருக்குதா? அப்பச் சேத்துக்கலாம்.”

அவருக்குக் கிடைத்த வேலை கீல். மடக்குச் சைக்கிளின் முதுகை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் கதவு மாதிரி ஒரு கீலில் சேர்த்து, ஒரு லீவரால் இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். லீவரைத் திறந்தால் சைக்கிள் இரண்டாக மடிந்து ரயில் பெட்டியின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். பூட்டினால் சாலையில் ஓடும். ஓடும்போது கீல் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்து நினைத்தே சவரிநாதனுக்குச் சோறு இறங்காமல் போனது.

அந்தப் பயத்துக்கு ஒரு முகமும் இருந்தது. அவருடைய மனைவி பிலோமினா. திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சிங்காநல்லூரில் ரயிலேறி, திருப்பூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து டூட்டிக்குப் போகிறவர். கணவருக்கு இந்த வேலை கிடைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, நீங்க செய்யறதுல மொத சைக்கிள் எனக்குத்தான். ரயில்ல மடிச்சு வெச்சுக்குவேன். எறங்குனா மிதிச்சுட்டுப் போய்ட்டே இருப்பேன்.”

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான். “ஆச்சுங்களா?”

தினமும் ஒரே பதில்தான். “இன்னும் ஆகல பிலோ.”

முதல் கீல் மாப்பிள்ளையிடம் ரொம்ப நாள் தாங்கவில்லை. கீலின் கழுத்தில் விரிசல் விட்டது.

“எதனாலீங் மேடம்?”

“கீல் மெலிசா இருந்துச்சு.”

சவரிநாதன் தடிமனாகச் செய்தார். இந்த முறை கீல் அசையாமல் நின்றது. அதை ஒட்டிய குழாய், வெல்டிங் ஓரத்தில் கிழிந்துவிட்டது.

“இது எதனாலீங்?”

“கீல் தடியா இருந்துச்சு.”

சீடர் குருவை முறைத்துப் பார்த்தார். குரு டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கீலுக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தடிமனும் இல்லை, மெலிசும் இல்லை. குழாயோடு இழைந்து போகிற மாதிரி வளைவு கொடுத்து, அதை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்தவர் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

சில நாளில் கீலுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கிளம்பியது. டிக். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டிக். சவரிநாதனால் அதைக் காதால் கேட்க முடியவில்லை. அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்பேனரை எடுத்து, லீவருக்கு அடியிலுள்ள நட்டை லேசாக ஒரு திருகு திருகினார். சத்தம் அடங்கியது. மறுபடி வந்தபோது மறுபடி திருகினார். அதற்கும் மசியாமல் வந்தபோது, கீலின் இரண்டு முகங்களும் சேரும் இடத்தில் ஒரு விரல் கிரீஸைத் தடவிவிட்டார்.

பரீட்சை ஹாலில் சொந்தப் பிள்ளைக்குச் சாடை காட்டும் வாத்தியார் என்று அவரை யாராவது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார். பராமரிப்புத்தானே செய்கிறோம் என்று மனசார நம்பினார் பாவம்.

மாப்பிள்ளை தன் கணக்கை மிதித்து முடித்து நின்றது. கீல் உடையாமல் நின்றிருந்தது. அறைக்குள் கூட்டம் கூடிக் கைதட்டியது. முதலாளி மைசூர்பா அனுப்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு பூங்கோதை பக்கத்தில் வந்தார்.

“பாஸுங்ணா. சந்தோசம். இந்த சைக்கிளையே வீட்டுல அக்காவுக்குக் கொண்டுபோய்க் குடுத்துருங்க.”

சவரிநாதனின் வாயில் மைசூர்பா அப்படியே நின்றது.

“இதையேவா?”

“இதையேதான். இதுதானே பாஸாச்சு?”

“வேண்டாங் மேடம்.”

“ஏனுங்?”

“நான் அப்பப்ப முறுக்கி வெச்சனுங்க. கிரீஸும் போட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“ஸ்டூலுக்குக் கீழ கிரீஸ் டப்பா. உங்க சட்டைப் பையிலயும் கிரீஸ்.”

“அப்பறம் ஏனுங் மேடம் ஒரு வார்த்தை சொல்லல?”

“அக்கா திருப்பூர்ல மிதிச்சுட்டுப் போறப்ப நீங்க ஸ்பேனரும் கையுமாப் பக்கத்துலயே ஓடி வருவீங்களாக்கும்னு நெனச்சுட்டேன்.”

சவரிநாதன் அழுதுவிட்டார். ஐம்பத்தைந்து வயசு மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே அழுதார். பூங்கோதை அவரைத் தேற்றவில்லை. நேராக முதலாளியிடம் போய், பாஸ் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மைசூர்பாவைத்தான் திருப்பித் தர முடியவில்லை.

திரும்பி வந்தபோது சீடர் கேட்டார்.

“மேடம், ஒடையவே ஒடையாத கீலுன்னு ஒண்ணு செய்யவே முடியாதுங்களா?”

பூங்கோதை அதே மாதிரிக் கீல் வைத்த இன்னொரு ஃபிரேமை எடுத்து வந்து மாப்பிள்ளையில் மாட்டினார். கீலின் முகங்களைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். நட்டை அளவாக இறுக்கினார். பிறகு சவரிநாதனின் ஸ்பேனரை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“உக்காருங்ணா. கையை மடியில வெச்சுக்குங்க.”

இயந்திரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை டிக் என்று கேட்டது. சவரிநாதனின் கை தானாக எழுந்தது. குரு பார்த்தார். கை மடிக்குத் திரும்பியது.

டிக், டக் ஆனது. டக், கடக் ஆனது.

“ஒடையப் போகுதுங் மேடம்.”

“ஒடையட்டும்.”

“எப்பங்க?”

“எனக்கென்ன தெரியும். அதைக் கேளுங்க.”

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வது? ஸ்பேனர் குருவின் கைப்பையில் இருந்தது. நடுவில் ஓரிரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வீட்டில் பிலோமினா “ஆச்சுங்களா?” என்று கேட்டபோது, “கத்திக்கிட்டு இருக்குது” என்று பதில் சொன்னார். பிலோமினா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபிரேம் இரண்டாகப் போனது.

“எப்பச் சத்தம் வந்துச்சுங்ணா?”

“போன வாரம் திங்கக்கெழமை.”

“எப்ப ஒடைஞ்சுது?”

“இன்னைக்கு.”

“நடுவுல?”

சவரிநாதன் உடைந்த ஓரத்தைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நடுவுல முச்சூடும் சொல்லிக்கிட்டே இருந்துச்சுங்க. நான்தான் போன தடவை அது வாயில கிரீஸை அடைச்சுட்டேன்.”

குரு கைப்பையைத் திறந்து ஸ்பேனரை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான்காவது கீலை அவர் செய்த விதத்தைப் பார்த்து ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். மனுஷன் கீலின் சத்தத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். லீவருக்கு அடியில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு வைத்தார். கீல் இறுக்கமாக இருக்கும்வரை தகடு வாயைத் திறக்காது. கொஞ்சம் தளர்ந்தாலும் மிதிக்கு ஒரு தடவை கடகடக்கும். நட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே திருகுகிற மாதிரி அகலமாகச் செய்தார். முகங்கள் சேரும் இடத்தில் கிரீஸ் கிடையாது. கீலின் ஆணிக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். விரிசல் விட்ட வெல்டிங் ஓரத்தையும் நீளமாக்கினார்.

முதலாளி வந்து பார்த்தார். “ஏனுங்க சவரி, சத்தம் போடற சைக்கிளை எவன் காசு குடுத்து வாங்குவான்?”

“இதுல உங்க வீட்டம்மா ஏறப்போறாங்கன்னு வெச்சுக்குங்க. அப்ப எப்படி இருக்கோணும்?”

முதலாளி யோசித்தார். “சத்தமாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதனைக்குக் குரு ஒரே ஒரு விதி போட்டார். கடகடவென்று கேட்டால் அறைக்குள் வருகிற யார் வேண்டுமானாலும் நட்டை விரலால் திருகலாம். சவரிநாதன் மட்டும் தொடக் கூடாது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டீ கொண்டுவந்தவர் ஒரு தடவை திருகினார். பெயின்ட் அடிக்கிறவர் ஒரு தடவை திருகினார். மாப்பிள்ளை மிதித்து ஓய்ந்தது. கீல் நின்றது.

பூங்கோதை அதோடு விடவில்லை. அதே மாதிரி இன்னொன்றை மாட்டி, யாரும் தொடாமல், உடைகிறவரை ஓடவிட்டார். முன்பு சத்தத்துக்கும் உடைவுக்கும் நடுவில் இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. இப்போது தகடு முதல் தளர்விலேயே கத்தியது, உடைவதற்கு மாதங்கள் போயின. அந்த மாதங்கள் முழுக்கக் கீல் ஊரைக் கூட்டியது. பக்கத்து அறை ஆட்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து சண்டைக்கு நின்றார்கள். சவரிநாதன் அவர்களிடம் சிரித்துச் சிரித்து மன்னிப்புக் கேட்டார்.

“இப்பப் பாஸுங்களா மேடம்?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அக்காவுக்குக் குடுப்பீங்களா?”

“குடுப்பேன்.”

“அப்பப் பாஸு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிங்காநல்லூர் வீட்டு வாசலில் சவரிநாதன் மனைவிக்குச் சைக்கிளைக் காட்டினார். மடிக்கக் காட்டினார், விரிக்கக் காட்டினார், லீவரைப் பூட்டக் காட்டினார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, “ஒரு ரவுண்டு போயிட்டு வா” என்றார்.

பிலோமினா தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. காலை ஊன்றி நின்றார். குனிந்து பார்த்தார். நட்டைத் திருகினார். ஏறி மிதித்தார். சத்தம் இல்லை. திரும்பி வந்து இறங்கினார்.

“நட்டு லூஸா இருந்துச்சுங்க. இறுக்கிட்டேன்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“நல்லாக் கேட்டீங்க போங்க. ராத்திரி பூரா வார்டுல மெஷின் சத்தத்தைக் கேட்டு ஓடறவ நான். எனக்கு இது தெரியாதாக்கும்?” என்றவர், சைக்கிளை ஒருமுறை தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சவரிநாதன் அதைக் கல்யாணத்தன்று பார்த்ததுதான். “இதுக்கா இத்தனை மாசம்?” என்று கேட்டார் பிலோமினா.

திங்கட்கிழமை காலையில் பிலோமினா சைக்கிளை மிதித்து ஸ்டேஷனுக்குப் போனார். சவரிநாதன் வேலைக்கு வந்தார். சோதனை அறையில் அடுத்த ஃபிரேமை மாட்டவேண்டியிருந்தது. அவர் மாட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

“என்னங்ணா?” என்றார் பூங்கோதை.

“ரயில் திருப்பூர் போயிருக்குங்க மேடம். இந்நேரம் சைக்கிளை விரிச்சு ஏறியிருப்பா. மெயின் ரோட்டுல போய்ட்டிருப்பா.” “நட்டு இறுக்கமா இருக்குதான்னு ஒரே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கறனே?”

பூங்கோதை ஃபிரேமின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் இந்த முனையைப் பிடிப்பதற்காகக் காத்திருந்தார்.

“அக்கா இப்பக் கீலு சொல்றதைக் கேட்டுட்டே மிதிச்சுட்டிருப்பாங்க” என்றார். “நடுவுல நீங்க மணி அடிக்காதீங்ணா.”